மெல்ல மலரும் மொட்டுகளுக்கு வழி திறந்த மாண்டிசோரி அம்மையார்

 

பரிசளிப்பு விழா என்றாலே நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். கணிதத்தில் முதல் பரிசு யாருக்கு, தமிழில் யாருக்கு, ஓட்டப் பந்தயத்தில் யாருக்கு என்று காத்திருப்போம். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை மேடையேறும். கீழே உட்கார்ந்திருக்கும் தாயின் கண் கலங்கும். ஆனால் பெயரே கூப்பிடப்படாத பிள்ளை ஒன்றும் நம் ஊரில் உண்டு. அது பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலேயே இருக்காது. வீட்டுக்குள்ளே, பாட்டியின் காலடியிலே உட்கார்ந்திருக்கும். நடை தாமதம், பேச்சு தாமதம், பார்வை எங்கேயோ இருக்கிறது என்று ஊரார் சொல்லும் பிள்ளை அது. அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துத் தாய் ஒருவர் தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. பையனுக்கு ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வயதிலிருந்தே அவனை வாரம் ஒரு நாள் பஸ்ஸில் பட்டர்வொர்த் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று போவார். அங்கே பையன் நடக்கப் பழகினான். கரண்டி பிடிக்கப் பழகினான். வேண்டியதைக் கையால் காட்டிக் கேட்கவும் பழகினான். இனி இவன் பாலர் பள்ளிக்குப் போகலாம் என்று அங்குள்ளவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் நன்றாகப் பேசட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தத் தாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார். பையனுக்கு ஓர் ஆண்டு போயிற்று.

அந்த நாளில் என் பாலர் வகுப்பு அலமாரியில் என்னென்ன இருந்தன? குழிகளில் பொருத்தும் மரக்கட்டைகள், பொத்தான் மாட்டிப் பழகும் துணிச் சட்டம், விரலால் தடவிப் பார்க்கும் சொரசொரப்பான எழுத்து அட்டைகள். இவையெல்லாம் முதன்முதலில் யாருக்காக உண்டாயின என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் மரியா மாண்டிசோரி என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். பின்னால் அந்த அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது வெட்கத்தில் தலைகுனிந்தேன். ஏன் என்பதை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலி நாட்டின் கிழக்குக் கரைப் பக்கத்தில், அங்கோனா நகருக்கு அருகே கியரவல்லே என்ற சிற்றூர் இருக்கிறது. 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அங்கேதான் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்திரோ அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் பார்த்தவர். தாய் ரெனில்டே நிறையப் படிக்கும் பழக்கமுள்ளவர். மகளுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் இத்தாலியிலும் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மிஞ்சிப் போனால் ஆசிரியை வேலைக்குப் படிக்கலாம். மரியாவோ ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதமும் அறிவியலும் கற்றார். எஞ்சினியராக வேண்டும் என்ற ஆசை மாறி, டாக்டராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தந்தைக்கு விருப்பமில்லை. தாய்தான் மகள் பக்கம் நின்றார். பெற்றோர்களே, இங்கே சற்று நில்லுங்கள். பிள்ளை பக்கம் ஒருவர் நின்றால் போதும், மலையையும் தாண்டும்!

ரோம் பல்கலைக்கழகத்தில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பெண் ஒருத்தி பிணத்தை அறுத்துப் படிப்பது தகாது என்று சொல்லி, எல்லாரும் போனபிறகு தனியாகப் பிண அறையில் படிக்க வைத்தார்கள். அதற்கும் அவர் அஞ்சவில்லை. 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர் என்ற பெயர் கிடைத்தது.

வெறும் தரையில் வளர்ந்த பிள்ளைகள்

பட்டம் பெற்ற டாக்டர் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த வேலையாக ரோம் நகரத்து மனநோயாளிகள் விடுதிகளுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவர் கண்ட காட்சிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. வளர்ந்த நோயாளிகளோடு சேர்த்துச் சின்னப் பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் பைத்தியங்கள் அல்லர். மெல்லக் கற்பவர்கள், வளர்ச்சி தாமதப்பட்டவர்கள். பள்ளிக்கூடம் வேண்டாமென்றது, வீடு தாங்கவில்லை, ஆகவே அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு செய்தியைச் சொல்வார்கள். ஓர் அறையில் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவலுக்கு இருந்த பெண்மணி அதை அருவருப்போடு எடுத்துச் சொன்னாள். டாக்டர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாட ஒரு பொம்மை இல்லை, உருட்ட ஒரு கட்டை இல்லை, தொட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பசி தீர்ந்துவிட்டது, கைக்குத்தான் பசி என்று அவருக்குப் புரிந்தது. கை ஒன்றைப் பிடித்தால்தான் மூளை வளரும். மருந்தைவிடக் கல்விதான் இவர்களுக்கு முதலில் தேவை என்ற முடிவுக்கு வந்தார். 1898இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் இதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் எப்படிக் கற்றுக்கொடுப்பது? பழைய புத்தகங்களைத் தேடினார். பிரெஞ்சு நாட்டில் இத்தார் என்ற மருத்துவர், காட்டில் பிடிபட்ட ஒரு பையனை எடுத்து வளர்த்துக் கற்பிக்கப் பாடுபட்டவர். அவருடைய மாணவர் செகுவேன், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடத்தி, பொத்தான் போடுவது, கயிறு கோப்பது, தொட்டு உணர்வது என்று படிப்படியாகப் பயிற்சி வகுத்தவர். இவ்விருவர் எழுதியதையும் அம்மையார் இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதி எழுதிப் படித்தார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சிரமம்.

1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பழக்க ஒரு பள்ளி திறந்தார்கள். டாக்டர் மொந்தெசானோ என்பவரும் மாண்டிசோரி அம்மையாரும் அதற்கு இணை இயக்குநர்கள். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு. அம்மையார் காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டதையெல்லாம் குறித்து வைப்பார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பொருள் பிடித்தது, எதைக் கண்டு ஒதுங்கியது, எத்தனை தடவை முயன்றது எல்லாம் குறிப்பில் ஏறும். மரத்தில் எழுத்து செய்து தடவ விடுவார். கட்டைகளைக் குழிகளில் பொருத்த விடுவார்.

பலன் என்ன? ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர் படிக்கவும் எழுதவும் கற்று, சாதாரணப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கத் தேர்விலேயே தேறிவிட்டார்கள்! ஊரே வியந்தது. அம்மையாருக்கு வந்த எண்ணம் வேறு. குறையுள்ள பிள்ளைகள் இந்த அளவுக்கு வர முடியுமானால், குறையே இல்லாத பிள்ளைகள் ஏன் இதே அளவிலே நிற்கிறார்கள்? அப்படியானால் நம் பள்ளிக்கூடங்களில் அல்லவா குறை இருக்கிறது! இந்தக் கேள்விக்கு விடை தேடி, 1901இல் அந்தப் பணியை விட்டுவிட்டுத் திரும்பவும் மாணவியாகப் பல்கலைக்கழகம் போனார்.

இந்தக் காலத்தில் அவர் மனத்தில் பெரிய துக்கம் ஒன்றும் இருந்தது. 1898இல் அவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். மணமாகாத தாய் என்ற பழிச்சொல்லுக்கு அஞ்ச வேண்டிய காலம். குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர விட்டு, அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். மகன் பதினைந்து வயதை ஒட்டி அவரிடம் வந்து சேர்ந்தான். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை மறைத்து வைக்கும் தாயின் வேதனை என்னவென்று அந்த அம்மையாருக்குத் தெரியும்.

சான் லொரென்சோ பாலர் இல்லம்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. நம் பழைய தோட்டத்து லயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம். கட்டட நிறுவனம் ஒன்று வீடுகளைச் செப்பனிட்டுக் குடிவைத்தது. தாயும் தகப்பனும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு. சின்னதுகள் மாடிப்படியெல்லாம் ஓடிச் சுவரில் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிறுவனத்தார் நினைத்தார்கள். நம்ம ஆயாக் கொட்டகை மாதிரிதான்! அதை நடத்தித் தரும்படி மாண்டிசோரி அம்மையாரைக் கேட்டார்கள்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அந்தப் பாலர் இல்லம் திறந்தது. ஐம்பது அறுபது பிள்ளைகள் சேர்ந்தார்கள். வயது மூன்றிலிருந்து ஆறு வரை. அழுகையும் பயமுமாக வந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்தது பெரிய படிப்புப் படித்தவரல்லர், அந்தக் கட்டடத்துக் காவலாளியின் மகள். அம்மையார் புதிதாக ஒன்றையும் வாங்கவில்லை. முன்பு மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காகச் செய்து வைத்திருந்த பொருள்களையே கொண்டுவந்து வைத்தார். தாமதப்பட்ட பிள்ளைக்குப் பிறந்த கல்வி, அன்றைக்குத்தான் எல்லாப் பிள்ளைகளின் பாலர் பள்ளிக்குள்ளும் நுழைந்தது.

பிறகு அவர் பேசாமல் கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக் கழற்றி, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தார் அம்மையார். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் கட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானே நிறுத்தி, நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் முகம் மலர்ந்தாள்.

இன்னொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டாள். காலையில் பிள்ளைகள் தாங்களாகவே வேண்டிய பொருளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்று அம்மையார் அடிக்கவில்லை. பிள்ளைக்கு எது தேவை என்று பிள்ளைக்கே தெரிகிறது என்று எண்ணினார். உயர்ந்த அலமாரி போய், பிள்ளைக் கை எட்டும் தாழ்ந்த தட்டு வந்தது. பிள்ளை அளவுக்கு மேசை, பிள்ளையே தூக்கி வைக்கும் நாற்காலி எல்லாம் வந்தன. இடத்துக்கு ஏற்பப் பிள்ளையை வளைப்பதை விட்டுப் பிள்ளைக்கு ஏற்ப இடத்தை வளைத்தார் என்று சொல்லலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அம்மையார் மணல் தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவ வைத்தார். டிசம்பர் மாதத்து வெயிலில் ஒரு நாள் மாடியில் உட்கார்ந்து, ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் புகைபோக்கியின் படம் வரையச் சொன்னார். சுண்ணக்கட்டியால் வரைந்தவன் திடீரென்று எனக்கு எழுத வருகிறது என்று கூவிக்கொண்டு, கை, புகைபோக்கி, கூரை என்ற சொற்களைத் தரையில் எழுதினான். மற்றவர்களும் ஓடிவந்து எழுதத் தொடங்கினார்கள்.

அந்த இல்லத்தின் விதிகளில் ஒன்றை நம் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்மார்கள் வாரம் ஒரு முறையாவது ஆசிரியையிடம் வந்து பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே அது. வீட்டில் கண்டதை ஆசிரியைக்கும், பள்ளியில் கண்டதைத் தாய்க்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏழைத் தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று அம்மையார் ஒதுக்கவில்லை, பாருங்கள்!

புகழும் துன்பமும்

1909இல் தம் கல்வி முறையைப் புத்தகமாக எழுதினார். சில ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் அவர் பெயரில் பள்ளிகள் எழுந்தன. 1931இல் லண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். ஆனால் இத்தாலியில் முசோலினியின் ஆட்சி பள்ளிப் பிள்ளைகளையும் படைவீரர்களாக்கப் பார்த்தது. அம்மையார் அதற்கு இணங்கவில்லை. 1934இல் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினுக்குப் போனார். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

தமிழ் மண்ணில் மாண்டிசோரி

இனி வருவது நமக்கு நெருக்கமான பகுதி. 1939ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தொன்பது வயதில், மகன் மாரியோவோடு விமானமேறிச் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அங்குள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணிதேவி அம்மையாரும் அழைத்திருந்தார்கள். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர்கள் எதிரி நாட்டார் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். கிழவியார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்பாடு. முன்பு ஊர் வாய் பிரித்த மகனை, இப்போது போர் பிரித்தது. ஆகஸ்ட் 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாள் பரிசாக, வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். பல காலம் வெளியே சொல்லாமல் வைத்திருந்த தாய், மகன் என்ற உறவை, அந்த ஆணை எல்லாரும் அறியச் சொல்லிவிட்டது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கினார். அங்கே சின்னப் பிள்ளையும் பெரிய பிள்ளையும் ஒன்றாகப் பழகும் பள்ளி நடந்தது. மலைச் செடி, பூச்சி, கல், வானம் எல்லாம் பாடமாயின. பெரியவன் சின்னவனுக்குக் காட்டிக் கொடுப்பான். வேகமானவன் மெதுவானவனுக்குக் காத்திருப்பான். 1944இல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பினார், 1947இல் மீண்டும் இந்தியா வந்தார். இந்த ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு மேல் அவரிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்தின் கடலோரச் சிற்றூரான நோர்ட்வெய்க்கில் தமது எண்பத்தொன்றாம் வயதில் கண்மூடினார். பிற்காலத்தில் இத்தாலி அரசு ஆயிரம் லீரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுப் பெருமை செய்தது.

பொருள் வந்தது, பிள்ளை வந்ததா?

வாசக அன்பர்களே! இப்போது என் வெட்கத்தின் காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். என் அலமாரியிலிருந்த கட்டையும், பொத்தான் சட்டமும் நான் திருப்பி அனுப்பிய பையனைப் போன்றவர்களுக்காகவே முதலில் உண்டானவை. அவனுக்குச் சொந்தமானதை எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு, அவனை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டேன். 1907இல் பொருள் பாலர் பள்ளிக்குள் வந்துவிட்டது. பிள்ளை உள்ளே வரத்தான் உலகம் முழுவதும் நெடுங்காலம் பிடித்தது.

நம் பினாங்கு இதில் பின்தங்கிய ஊரல்ல. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் இங்கே வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் இங்கேதான் தோன்றியது. 1984இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள், அதாவது நாம் பிடிகே என்று சொல்பவை, நாடெங்கும் பரவியுள்ளன. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைப் பாலர் பள்ளியிலிருந்தும் விலக்கக் கூடாது என்கிறது. எந்தப் பிள்ளையையும் மறுக்காத கொள்கையைக் கல்வியமைச்சு 2019 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. ஆகவே கதவு திறந்திருக்கிறது. வாசற்படிதான் உயரம்! பயிற்சி நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பாலர் பள்ளியிலோ இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அங்கே அமைதி, இங்கே கூச்சல். பிள்ளை தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

அமெரிக்காவில், மூன்று வயதுவரை ஆரம்பகாலப் பயிற்சி பெறும் பிள்ளை பாலர் பள்ளிக்கு மாறுவதாக இருந்தால், மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது தொண்ணூறு நாள் முன்னதாகவே பெற்றோரும் இரு பக்கத்தாரும் கூடிப் பேச வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் எதற்கு? மனமிருந்தால் போதும். அம்மையாரின் வாழ்க்கையிலிருந்தும் என் அனுபவத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பதிவு நாள் வரை காத்திருக்காதீர்கள். ஓராண்டு முன்பே பள்ளிக்கு வந்து பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். சுகாதாரக் கிளினிக்கில் வளர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். சமூக நலத்துறையில் பதிந்து ஓகேயு அட்டை பெற்றுக்கொள்ளுங்கள். அந்த அட்டை அவமானச் சின்னமல்ல, உதவிக்கான திறவுகோல். நம் பாலர் வகுப்பா, சிறப்புக் கல்வி வகுப்பா, எது பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, அம்மையார் இரவில் குறிப்பு எழுதினாரே, அதுபோல ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான், கழிவறைக்கு எப்படிச் சொல்வான், எதைக் கண்டு பயப்படுவான், எதைக் கொடுத்தால் அமைதியாவான் என்று எழுதினால் இரண்டு பக்கம் போதும். பயிற்சி நிலையத்தில் கற்றது வழியில் சிந்திப் போகாமல் வகுப்புக்கு வந்து சேரும்.

மூன்றாவது, பிள்ளை பள்ளியை முன்கூட்டியே பார்க்கட்டும். பள்ளி முடிந்து அமைதியாக இருக்கும் மதிய வேளையில் அழைத்து வாருங்கள். நாற்காலியில் உட்காரட்டும், குழாயைத் திறந்து பார்க்கட்டும், கழிவறை எங்கேயென்று தெரிந்துகொள்ளட்டும். வீட்டில் குடிக்கும் அதே குவளையைக் கொடுத்து அனுப்புங்கள். புது இடத்தில் பழைய பொருள் ஒன்று கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

நான்காவது, முதல் நாளே முழு நாள் வேண்டாம். ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். பாலர் பள்ளி கிடைத்துவிட்டதென்று பயிற்சியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு கையை விடுவதற்குமுன் மறு கை பிடித்திருக்க வேண்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். தயாராகி வரட்டும் என்று சொல்வது சுலபம். தயாராக வேண்டியது நாமும்தான். அலமாரியைத் தாழ்த்துவோம். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவோம். மாணவச் செல்வங்களே, நீங்கள் பட்டப்பெயர் வைக்காமல், பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும். கொடைக்கானல் பிள்ளைகள் செய்தது அதுதான்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மறு ஆண்டு நானே லயத்துக்குப் போய் அவன் தாயைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் எனக்கு ஒரு குவளை தேநீர் கொடுத்தார். பையன் வந்தான். முதல் வாரம் முழுக்க வாசலிலேயே நின்றான். இரண்டாவது வாரம் மரக்கட்டைகளைக் கண்டான். அவனுக்கு அவை ஏற்கெனவே பழக்கமல்லவா? உட்கார்ந்துவிட்டான். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. கணக்கில் பரிசு வாங்குவானா, எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு வகுப்பு முடிந்ததும், தன் பையைத் தானே ஆணியில் மாட்டப் பழகியவன், தானே அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றான். அவன் தாய்க்கு அதுவே முதல் பரிசு.

உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடியில், அப்படி ஒரு பிள்ளை வீட்டுக்குள்ளே இருந்தால், நாளைக் காலையிலேயே அந்த வீட்டுப் பெரியவர்களிடம் போய்ப் பேசுங்கள். பள்ளிக்கு அழைத்து வாருங்கள். ஒரு தவறு செய்து திருந்தியவள் கேட்கிறேன்.